உறங்கும் காசநோய்க் கிருமிக்கு ஆறு மாத மருந்து: பிபால்எம் சிகிச்சை குறித்த மதிப்புரை

காசநோய் மருந்தின் தரத்தை இருமல் எத்தனை நாளில் நின்றது என்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. பெரும்பாலான காசநோய் மருந்துகள் சில வாரங்களிலேயே இருமலையும் காய்ச்சலையும் குறைத்துவிடும். பசி எடுக்கும், எடை கூடும், சளியில் கிருமி தென்படாது. மருந்தை முடித்து ஓராண்டு, ஈராண்டு கழிந்த பின்னும் நோய் திரும்பாமல் இருக்கிறதா என்பதே அதற்குரிய உரைகல். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் தற்போது தரப்படும் ‘பிபால்எம்’ என்னும் நான்கு மருந்துக் கூட்டுச் சிகிச்சையை அந்த உரைகல்லில் வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்தச் சிகிச்சையைத் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்கொண்ட என் அண்ணனுக்குத் துணையாக இருந்தவள். அந்தக் காலத்தில் கையில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தவள். பெடாகுவிலின், பிரிடோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நான்கும் சேர்ந்ததே இந்தத் தொகுப்பு.

ஒரு சாதாரண நெஞ்சுச்சளித் தொற்றுக்கு ஐந்து நாள் மருந்து போதும் என்றால், காசநோய்க்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில் தேவைப்படுகிறது என்ற கேள்வி, மாத்திரைகளைக் கையில் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் எழும். இதற்கான விடையின் தொடக்கம் பெனிசிலின் காலத்திலேயே இருக்கிறது. 1942இல் கிளாடிஸ் ஹாபி என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர், பெனிசிலின் நூற்றில் தொண்ணூற்றொன்பது கிருமிகளைக் கொன்ற பிறகும் சிறு பகுதி உயிரோடு எஞ்சுவதைக் கண்டார். 1944இல் டப்ளினைச் சேர்ந்த ஜோசப் பிகர், அவ்வாறு எஞ்சிய ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளை எடுத்து மீண்டும் வளர்த்துப் பார்த்தார். அவற்றின் வாரிசுகள் பெனிசிலினுக்கு முன்போலவே பலியாயின. ஆக, தப்பியவை மரபணு மாறி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டவை அல்ல. மருந்து வந்த நேரத்தில் வளராமல் அடங்கிக் கிடந்தவை. பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லிகள், கிருமி தன் சுவரைக் கட்டும்போதும் புரதத்தை உருவாக்கும்போதும் இடையில் புகுந்து வேலையைக் கெடுப்பவை. எந்த வேலையையும் செய்யாத கிருமியிடம் கெடுப்பதற்கு எதுவும் இல்லை.

காசநோய்க் கிருமி இந்த அடங்கிக் கிடக்கும் கலையில் தேர்ந்தது. ஈ.கோலை போன்ற கிருமி இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகிறது என்றால், இது இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. நுரையீரலில் நம் எதிர்ப்பணுக்கள் இதைச் சுற்றி வளைத்துக் கட்டும் முடிச்சுகளின் நடுப்பகுதி, காலப்போக்கில் பாலாடைக்கட்டி போன்ற செத்த பொருளாகிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு, இரத்தக் குழாய்கள் இல்லை, மருந்து போய்ச் சேர்வதே கடினம். அங்குள்ள கிருமிகள் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, பெருகுவதை நிறுத்தி, காத்திருக்கின்றன. வயலில் கோரையை எத்தனை முறை மேலாகச் செதுக்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும் வரை அடுத்த மழைக்கு அது மீண்டும் தளிர்ப்பதைப் போல, வளரும் கிருமிகளை மட்டும் கொல்லும் மருந்து எத்தனை வலிமையாக இருந்தாலும் நோய் திரும்பும். ஆறு மாதம், ஒன்றரை ஆண்டு என்ற சிகிச்சைக் காலங்களின் பெரும்பகுதி, இந்த எஞ்சிய கூட்டத்திற்காகச் செலவாகிறது.

இதை நிறுவிய ஆய்வுகளில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. மாத்திரைகளை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களையும் அது ஒப்பிட்டு, இருவருக்கும் ஒத்த பலன் கிடைப்பதை 1959இல் உலகுக்கு அறிவித்தது. ஓய்வும் நல்ல காற்றும் குணமாக்கும் என்ற பழைய நம்பிக்கை அதோடு தளர்ந்து, நோயைத் தீர்ப்பது மருந்தே என்பது உறுதியானது. ஆனால் எந்த மருந்து? 1970களின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆறு மாதச் சிகிச்சை ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியாசிடும் மட்டும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அவற்றோடு ரிஃபாம்பிசின் சேர்த்துக்கொண்டவர்களில் அது 3 விழுக்காடாகக் குறைந்தது; பைரசினமைடு சேர்த்தவர்களில் 8 விழுக்காடு. சிகிச்சையின் முடிவில் இவர்கள் அனைவரின் சளியும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தூய்மையாகவே இருந்தது. வேறுபாடு, மருந்தை நிறுத்திய பிறகே வெளிப்பட்டது. நான் இந்த மதிப்புரையைத் தொடங்கிய அளவுகோல் அங்கிருந்து வருவதே.

உறங்கும் கிருமிகளைத் தொடக்கூடிய ரிஃபாம்பிசினே பயனற்றுப் போவதுதான் மருந்து எதிர்ப்புக் காசநோயின் கொடுமை. அதற்கு ஈடாக வைத்திருந்தவை வலிமை குறைந்த மருந்துகள் என்பதால், சிகிச்சை பதினெட்டு முதல் இருபது மாதங்கள் வரை நீண்டது. அதில் பல மாதங்கள் நாள்தோறும் ஊசி. அந்த ஊசி மருந்துகள் பலரின் செவித்திறனை நிரந்தரமாகப் பறித்தன. எங்கள் தெருவிலேயே அவ்வாறு காது கேளாமல் போன ஒரு பெரியவர் இருக்கிறார். அண்ணனுக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு என்று ஆய்வகத்தில் சொன்ன அன்று, மதினி முதலில் கேட்டது, “அந்த ஊசி போடுவாங்களா?” என்பதைத்தான். பிபால்எம் தொகுப்பில் ஊசி கிடையாது. இந்தச் சிகிச்சைக்குச் சாதகமாக வேறு எதையும் சொல்லாவிட்டாலும், இந்த ஒன்றே அதற்குப் பெரும் மதிப்பைத் தந்துவிடும்.

நான்கு மருந்துகளில் நடுநாயகம் பெடாகுவிலின். பெல்ஜியத்தில் ஜான்சென் ஆய்வகத்தில் கோன் ஆண்ட்ரீஸ் குழுவினர் கண்டறிந்து 2005இல் வெளியிட்ட இம்மருந்துக்கு, 2012 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு காசநோய்க்கென்று வந்த முதல் புதிய மருந்து வகை இதுவே. கிருமிக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்னும் மூலக்கூறைத் தயாரிக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியை இது அடைக்கிறது. உறங்கும் கிருமி எதைக் கட்டாமல் இருந்தாலும், உயிரோடு இருப்பதற்குச் சிறிதளவு ஏடிபியையாவது தயாரித்தே ஆக வேண்டும்; அந்தச் சிறிய அடுப்பையும் அணைக்கிறது இம்மருந்து. தொடக்க நாட்களில் இதன் வேலை மெதுவாகவே தெரியும், ஏனெனில் கிருமியிடம் இருக்கும் கையிருப்பு தீர வேண்டும். இதை அறியாத குடும்பத்தினர் முதல் வாரத்தில் மனம் தளர்ந்துவிடுவது இயல்பு, தளர வேண்டியதில்லை.

பிரிடோமானிட் அடுத்தது. ஒரு மருந்து நிறுவனத்தின் வணிகக் கணக்கில் இடம்பெறாமல் போயிருக்கக்கூடிய இந்தச் சேர்மத்தை, டிபி அலையன்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு கையிலெடுத்து 2019 ஆகஸ்டில் அமெரிக்க ஒப்புதல் வரை கொண்டுசென்றது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் கிருமியின் சொந்த நொதி ஒன்றே இம்மருந்தை உடைக்க, அதிலிருந்து வெளிப்படும் நைட்ரிக் ஆக்சைடு கிருமியை உள்ளிருந்தே நஞ்சூட்டுகிறது. முடிச்சின் மூச்சற்ற நடுப்பகுதியில் கிடக்கும் கிருமிக்கு எதிராக இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைப்பது கடினம். லினிசோலிட் புரத உற்பத்தியைத் தடுப்பது, மாக்ஸிஃப்ளாக்சசின் டிஎன்ஏ அவிழ்வதைத் தடுப்பது. இவை இரண்டும் வேறு நோய்களுக்காக வந்து இங்கே துணைக்கு நிற்பவை.

பலன் எப்படி என்று பார்த்தால், தென்னாப்பிரிக்காவில் நிக்ஸ்-டிபி என்ற ஆய்வில் மிகக் கடுமையான எதிர்ப்புள்ள 109 நோயாளிகளுக்கு முதல் மூன்று மருந்துகள் ஆறு மாதம் தரப்பட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் குணமாகி, சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் கழித்தும் நலமாக இருந்தனர். எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடத்திய டிபி-ப்ராக்டிகல் ஆய்வில், நான்கு மருந்துத் தொகுப்பு பெற்றவர்களில் 89 விழுக்காட்டினரும், பழைய நீண்ட சிகிச்சை பெற்றவர்களில் 52 விழுக்காட்டினரும் நல்ல முடிவை எட்டினர். இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி, பழைய சிகிச்சையைத் தாங்க முடியாமல் பலர் பாதியில் விலகியதால் வந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் தாங்கக்கூடியதாக இருப்பதும் மருந்தின் தரத்தில் ஒரு பங்குதான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதைப் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் தேசியத் திட்டத்தில் சேர்க்க ஒப்புதல் தந்தது.

இனி, வீட்டில் இந்தச் சிகிச்சை எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன். பெடாகுவிலின் முதல் இரண்டு வாரம் நாள்தோறும் நான்கு மாத்திரை. அதன்பின் வாரத்தில் மூன்று நாள் மட்டும், இரண்டிரண்டு. மற்ற மூன்று மருந்துகளும் நாளுக்கு ஒவ்வொன்று. எனவே தொடக்கத்தில் உள்ளங்கையில் ஏழு மாத்திரைகள் இருக்கும். பிறகு திங்கள், புதன், வெள்ளியில் ஐந்தும் மற்ற நாட்களில் மூன்றுமாகக் குறையும். பிரிடோமானிட் நீள்வட்டமான வெள்ளை மாத்திரை. அதன் ஒரு பக்கத்தில் ‘எம்’ என்ற எழுத்தும் மறுபக்கத்தில் ‘பி200’ என்றும் பொறிக்கப்பட்டிருந்ததால், மற்ற வெள்ளை மாத்திரைகளோடு குழப்பிக்கொள்ளாமல் பிரித்தெடுக்க மதினிக்கு அது உதவியது. நாட்காட்டியில் பெடாகுவிலின் நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெடாகுவிலினும் பிரிடோமானிடும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே உடலில் சரியாகச் சேரும். காலையில் வெறும் காபியோடு விழுங்கினால் மருந்தில் ஏறத்தாழப் பாதி வீணாகிறது. எங்கள் பகுதிக் காசநோய்ப் பணியாளர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, சாப்பிட்டுட்டுத்தானே போட்டீங்க?” என்பதுதான். அவர் ஏன் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

கவனிக்கப்படாத இன்னொரு செய்தி உண்டு. காசநோயாளிகள் பலருக்கு இரத்தசோகை இருப்பதால் இரும்புச்சத்து மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் போன்ற மருந்தும் கூடவே வீட்டில் இருக்கும். இவற்றை மாக்ஸிஃப்ளாக்சசினோடு ஒரே நேரத்தில் எடுத்தால், அது குடலில் இவற்றோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சேராமல் போய்விடும். பல மணி நேர இடைவெளி தேவை. இதை மருந்து தரும் இடத்திலேயே ஒரு சீட்டில் எழுதித் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எங்களுக்கு வாய்மொழியாகக்கூட யாரும் சொல்லவில்லை. ஒரு மருந்தாளுநர் தற்செயலாகக் கேட்டதால் தெரியவந்தது.

இந்தத் தொகுப்பின் பலவீனம் லினிசோலிட். கிருமியின் புரதத் தொழிற்சாலையை நிறுத்தும் இம்மருந்து, நம் உயிரணுக்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியையும் ஓரளவு நிறுத்துகிறது. அதனால் நரம்புகளும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படுகின்றன. நிக்ஸ்-டிபி ஆய்வில் நாளுக்கு 1200 மில்லிகிராம் கொடுக்கப்பட்டபோது, 81 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. பின்னர் நடந்த ஜீனிக்ஸ் ஆய்வில் அளவை 600 ஆகக் குறைத்து ஆறு மாதம் கொடுத்தபோது, பலன் 91 விழுக்காடாகவே நின்றது. நரம்புப் பாதிப்போ 24 விழுக்காடாக இறங்கியது. இன்று தரப்படுவது இந்தக் குறைந்த அளவே. சென்னை நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய ஆய்வும் லினிசோலிட் அளவை எவ்வாறு குறைக்கலாம் என்பதையே ஆராய்ந்தது. அப்படியும் நான்கில் ஒருவருக்கு வரக்கூடிய தொல்லை சிறியதல்ல. அண்ணனுக்கு நான்காவது மாதத்தில் பாதங்களில் எரிச்சல் தொடங்கியது; வெந்நீரில் கால் வைத்தால் சூடு தெரியவில்லை, தரையில் நடந்தால் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது என்றார். உடனே தெரிவித்ததால் மருத்துவர் அளவைப் பாதியாக்கினார். எரிச்சல் குறைந்தது, ஆனால் முழுமையாக நீங்கவில்லை. கால் மதமதப்பு, பார்வை மங்கல், நிறங்கள் வெளிறித் தெரிவது ஆகிய எதையும் ‘மருந்துச் சூடு’ என்று ஒதுக்கிவிடாமல் அன்றே சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் இதில் இருமடங்கு விழிப்போடு இருப்பது நல்லது.

இதயத் துடிப்பின் மின்னலையில் உள்ள ‘க்யூடி’ என்ற இடைவெளியைப் பெடாகுவிலினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் நீட்டக்கூடியவை என்பதால் இசிஜியும், லினிசோலிட்டுக்காக இரத்த அணுக்கள் எண்ணிக்கையும், மற்றவற்றுக்காகக் கல்லீரல் பரிசோதனையும் குறித்த இடைவெளியில் எடுக்க வேண்டும். மருந்து இலவசம், பரிசோதனைகளும் இலவசம், ஊட்டத்துக்கு மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். ஆயினும் மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை ‘அலட்சியக்காரர்’ என்று எழுதிவைக்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவத்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பாதியில் விடுவதன் விளைவு இத்தொகுப்பில் முன்னைவிடக் கடுமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெடாகுவிலின் உடலில் மாதக்கணக்கில் தங்கும். நான்கையும் ஒரே நாளில் நிறுத்தினாலும், மற்ற மூன்றும் சில நாட்களில் வெளியேறிவிட, பெடாகுவிலின் மட்டும் தனித்து, குறைந்த அளவில் மிச்சமிருக்கும். எஞ்சிய கிருமிகள் அதற்கு எதிர்ப்பைப் பழகிக்கொள்ள இதைவிட ஏற்ற வாய்ப்பு வேண்டியதில்லை. பெடாகுவிலின் எதிர்ப்பு ஏற்கெனவே பல நாடுகளில் பதிவாகிவருகிறது. இந்த மருந்தும் கைவிட்டுப் போனால் அடுத்த வரிசையில் நிற்பவை மிகச் சிலவே. நோயாளி பெடாகுவிலின் எதிர்ப்புப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது இதனால் முக்கியமாகிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. பெடாகுவிலினுக்கோ கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருந்து ஓடிய தூரத்தைப் பரிசோதனை இன்னும் ஓடவில்லை.

அண்ணனின் நோய் தாமதமாகக் கண்டறியப்பட்டதற்கு ஒரு தனியார் மருத்துவமனை காரணம். சளி பரிசோதனைக்கு அனுப்பாமல், மாதக்கணக்கில் இருமல் மருந்தும் மாற்றி மாற்றி நுண்ணுயிர்க்கொல்லிகளும் கொடுத்தார்கள். அவற்றில் மாக்ஸிஃப்ளாக்சசினின் உறவுக்கார மருந்தும் ஒன்று. அவ்வகை மருந்து காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டறிவதைத் தள்ளிப்போடும்; தனியாகக் கொடுக்கப்பட்டால் அந்த வகை முழுவதற்குமே எதிர்ப்பை உண்டாக்கும். அவ்வாறு எதிர்ப்பு உண்டாகிவிட்டால் நான்கில் ஒன்றை விட்டுவிட்டு மூன்றோடு போராட வேண்டியதுதான், காலமும் ஒன்பது மாதமாக நீளக்கூடும். அண்ணன் நல்வாய்ப்பாகத் தப்பினார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை என்பது சுவர் விளம்பரத்தில் உள்ள வாசகம். படித்த மருத்துவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று இலவசமாகக் கிடைப்பது தானாகக் கிடைத்ததல்ல. பெடாகுவிலின் வந்த காலத்தில் ஆறு மாதச் சிகிச்சைக்குச் செல்வந்த நாடுகளில் 30,000 டாலரும், ஏழை நாடுகளில் 900 டாலரும் விலை. இந்தியாவில் 2016இல் சென்னை உள்ளிட்ட சில நகரங்களின் குறிப்பிட்ட மையங்களில் மட்டும் கட்டுப்பாட்டோடு கொடுக்கப்பட்டது. பாட்னாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்த மருந்தைப் பெற, தந்தை டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க ஜான்சென் நிறுவனம் முயன்றபோது, காசநோய் ஊசியால் செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் அதை எதிர்த்து மனுச் செய்தனர். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. அந்த ஆண்டிலேயே, நாடுகளுக்காகக் காசநோய் மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரும் உலகக் கொள்முதல் அமைப்பின் வழியே ஒரு சிகிச்சையின் விலை 130 டாலர் அளவுக்கு இறங்கியது. அண்ணன் கையில் இருந்த மாத்திரைக்கு இந்த இருவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை எஞ்சுகிறது, அது இந்தத் தொகுப்பின் குறை மட்டுமன்று. உடலில் உறங்கும் கிருமி மிச்சமிருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை எதுவும் இன்றைக்கு மருத்துவமனையில் இல்லை. சளிப் பரிசோதனை வளரும் கிருமியைத்தான் காட்டும். அதனால் மூன்று மாதத்தில் முற்றும் குணமாகியிருக்கக்கூடியவரும், ஆறு மாதம் போதாதவரும் ஒரே அளவுச் சிகிச்சையையே பெறுகிறார்கள்; முன்னவர் தேவையின்றி லினிசோலிட்டின் துன்பத்தைச் சுமக்கிறார். உறங்கும் கிருமியைக் குறிவைக்கும் ஆய்வுகள் மற்ற நோய்களிலும் நடக்கின்றன. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கிம் லூயிஸ் குழுவினர் 2013இல், கிருமியின் சொந்தப் புரதம் வெட்டும் நொதியைத் தூண்டிவிட்டு அது தன்னையே தின்னும்படி செய்யும் ஒரு சேர்மத்தை ரிஃபாம்பிசினோடு சேர்த்து, எலிகளில் ஆழமான ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றைத் துடைத்தெடுத்தனர். செயற்கை மூட்டுகளிலும் நாட்பட்ட எலும்புத் தொற்றுகளிலும் அவதிப்படுவோருக்கு அத்தகைய மருந்து வந்தால் பெரும் விடுதலை. ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. உறங்கும் கிருமியைக் கொல்லும் ஆற்றலை எண்ணிலும் ஆண்டிலும் மெய்ப்பித்து, மாவட்ட மருத்துவமனையின் மருந்து அறை வரை வந்துவிட்டது காசநோய் மருந்துதான்.

ரிஃபாம்பிசின் எதிர்ப்புள்ள, பதினான்கு வயது நிறைந்த, கருவுற்றிராத, பாலூட்டாத ஒருவருக்கு மருத்துவர் பிபால்எம் என்று சொன்னால் தயங்காமல் ஏற்கலாம் என்பதே என் முடிவு. தொடங்கும் முன் மாக்ஸிஃப்ளாக்சசினுக்கும் பெடாகுவிலினுக்கும் எதிர்ப்புப் பரிசோதனைக்குச் சளி அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். சர்க்கரை, இதயம், மனநலம் ஆகியவற்றுக்கு எடுக்கும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் லினிசோலிட்டோடு ஒத்துப்போகா. மருந்து முடிந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். ஈராண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்தொடர் பரிசோதனை உண்டு. இருமல் இல்லாவிட்டாலும் அதற்குப் போக வேண்டும். அண்ணனின் முதல் பின்தொடர் பரிசோதனையில் சளியில் கிருமி வளரவில்லை. அடுத்தது ஆவணியில்.